ஏழாவது வரி

வெள்ளவத்தை,
19.09.2006

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் அக்கா கனகேஸ்வரியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கென்று ஐந்து நாளைக்கு உடுப்பு எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போனீர்கள். இன்று நாற்பத்து நாலாவது நாள். சண்டை தொடங்கிப் பாதை மூடியதிலிருந்து ரெலிபோனும் இல்லை. இந்தக் கடிதம் கப்பலில் வருமோ விமானத்தில் வருமோ தெரியாது. எதில் வந்தாலும் சரி, கையில் கிடைத்தால் போதும்.

நீங்கள் மேசைக்குக் கீழே வைத்துவிட்டுப் போன லினக்ஸ் சேர்வரைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை இன்ரநெற் கம்பனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னாள்: எங்கள் லைனிலிருந்து ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்கள் போகின்றனவாம், யாரோ வெளியாள் எங்கள் கொம்பியூட்டருக்குள் புகுந்து அதைக்கொண்டு அனுப்புகிறானாம். நான் உடனே போய் வயரைப் பிடுங்கிவிட்டேன். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

மெயில் போனால் போகட்டும். அதற்குள் நூற்று நாற்பது குடும்பங்களின் பத்திரங்கள் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, வேலைக் கடிதம். எண்பத்து மூன்று கலவரத்தில் எங்களுடையது எரிந்தது போல இனி ஒருவருக்கும் எரியக் கூடாது என்று சொல்லிச் சொல்லி நீங்கள் ஸ்கான் பண்ணி வைத்தவை. போன மாதம் கொட்டாஞ்சேனை புளோறன்ஸின் தம்பி நோபேட்டைப் பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனபோது, அவள் காலையில் ஓடி வந்தாள். அவனுடைய பிறப்புச் சான்றிதழையும் வேலைக் கடிதத்தையும் அச்சடித்துக் கொடுத்தேன். பின்னேரம் விட்டுவிட்டார்கள். இவ்வளவு பேரின் பெயரும் விலாசமும் இப்போது யாரிடம் போயிருக்கிறதோ என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கந்தோரில் ரைப் அடித்தவள் நான். அதற்கு மேல் இந்தப் பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

நேசமலர்


கொக்குவில்,
14.10.2006

அன்பின் மலர்,

உமது கடிதம் நேற்றுத்தான் வந்தது. யாரோ பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருந்தார்கள்.

வயரைப் பிடுங்கியது மிகச் சரியான வேலை. பிழை என்னுடையது. பரிசோதிப்பதற்கென்று ‘test’ என்ற பெயரில் ஒரு கணக்குத் திறந்து, கடவுச்சொல்லும் அதே சொல்லாக வைத்தேன். அழிக்க மறந்து போனேன். றவுட்டரிலும் வெளியிலிருந்து வருகிற எல்லாவற்றையும் நேராகச் சேர்வருக்கே திருப்பி விட்டிருந்தேன். முப்பத்தொரு வருடம் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்தவன் விடக்கூடிய பிழையில்லை இது.

ஒருமுறை ஆள் புகுந்த இயந்திரத்தை இனி நம்ப முடியாது. முழுவதையும் துடைத்துவிட்டு லினக்ஸைப் புதிதாகப் போட வேண்டும். பத்திரங்களின் பிரதி அலுமாரியில் பதினாறு சீடியில் இருக்கிறது. அதன்பிறகுதான் ஃபயர்வோல். எந்த வாசலால் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்கிற காவல் அது. உமக்கு மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, பழைய கொம்பியூட்டர் ஒன்றைத் தனியாகக் காவலுக்கே வைப்பது. அதற்கென்றே ஐபிகொப் என்று ஒரு லினக்ஸ் இருக்கிறது. இரண்டு நெற்வேர்க் கார்ட் வேண்டும். வெளி உலகம் சிவப்பு, வீடு பச்சை என்று அது பிரித்துக்கொள்ளும். இரண்டாவது, சேர்வரிலேயே ஃபயர்ஸ்ராட்டர் என்கிற மென்பொருளைப் போடுவது. படத்தில் பார்த்துப் பொத்தானை அழுத்தலாம். மூன்றாவது, ஐபிரேபிள்ஸ் கட்டளைகளை நாமே ஒவ்வொரு வரியாக எழுதுவது. முதல் இரண்டும் உள்ளே பாவிப்பது இந்த மூன்றாவதைத்தான். ஆனால் ஆரம்பக்காரருக்கு அது வேண்டாம். ஒரு வரி முன்பின்னாகப் போனாலும் எல்லாம் கெட்டுவிடும். முதலாவதைச் செய்யும் என்பது என் அபிப்பிராயம்.

எதைச் செய்தாலும் விதி ஒன்றுதான். முதலில் எல்லாவற்றையும் மூட வேண்டும். பிறகு தேவையானதை மட்டும் திறக்க வேண்டும்.

இங்கே சாமானுக்குச் சங்கக்கடை வரிசையும் ஊரடங்குமாகப் போகிறது. சீனி இல்லை, அதனால் நீரிழிவுக்கு நல்லது. சுகமாக இருக்கிறேன். நீர் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடும்.

தில்லைநாதன்


வெள்ளவத்தை,
07.11.2006

அன்புள்ள உங்களுக்கு,

மூன்று பக்கம் ஃபயர்வோல், மூன்று வரி நீங்கள். எண்ணிப் பார்த்தேன்.

உங்கள் கடிதம் வரும்வரை இருக்க முடியாமல், கொட்டாஞ்சேனையில் கொம்பியூட்டர் திருத்துகிற ஷிப்லியிடம் போனேன். புளோறன்ஸ்தான் கூட்டிக்கொண்டு போனாள். நாற்பது வயதிருக்கும், பொறுமையான மனிதர். நீங்கள் எழுதியதைத்தான் அவரும் சொன்னார், துடைத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லி. அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நானே போட்டேன். பதினாறு சீடியில் ஒன்று பழுது. ஒன்பது குடும்பங்களிடம் திரும்பவும் போய் மூலப் பத்திரத்தை வாங்க வேண்டியிருந்தது.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. சொன்னபடியே ஷிப்லியின் கடையிலிருந்த பழைய பென்ரியம் ஒன்றில் ஐபிகொப் போட்டோம். நல்ல சாமான்தான். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டும்போது சிவப்பு வயரைப் பச்சையிலும் பச்சையைச் சிவப்பிலும் கொழுவிவிட்டு இரண்டு நாள் முழித்தேன். அதைச் சரிக்கட்டிய பிறகும் மனம் ஒப்பவில்லை. இரவும் பகலும் இரைகிற இன்னொரு பெட்டி, அதற்குள் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஃபயர்ஸ்ராட்டரையும் பார்த்தேன். பொத்தானை அழுத்தினால் நிறம் மாறியது. என்ன மாறியது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

“எது நல்லது?” என்று ஷிப்லியைக் கேட்டேன்.

“எல்லாம் நல்லதுதான் மிஸிஸ். ஒங்களுக்கு வாசிச்சா வெளங்கணும். பிழைச்சா எங்க பிழைச்ச எண்டு தேடிப் புடிக்க ஏலணும். அதான் ஒங்களுக்குச் சரி” என்றார்.

அதனால் நீங்கள் வேண்டாம் என்ற மூன்றாவதைத்தான் எடுத்தேன். யாரை விடுவது, யாரை விடக்கூடாது என்று முதலில் கொப்பியில் தமிழில் எழுதினேன். பிறகு ஒவ்வொன்றையும் கட்டளையாக்கினேன். எட்டு வரி வந்தது. நீங்கள் எழுதிய மாதிரியே ஒரு வரி முன்பின்னாகப் போனதும் உண்மை. மற்ற மேசையிலிருந்த மடிக்கணினியிலிருந்து சேர்வருக்குள் போய் எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் மூடு என்ற வரியை முதலில் அடித்துவிட்டேன். என்னையும் சேர்த்து மூடிவிட்டது. திரை அப்படியே நின்றுவிட்டது. மொனிற்றரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்வரிலேயே பூட்டித் திருத்தினேன். அப்போது நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். நானும் கோபித்திருப்பேன். ஆளில்லாத வீட்டில் கோபிக்கவும் முடியவில்லை.

இப்போது வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வர முடியாது. வெளிநாட்டிலிருப்பவர்கள் பத்திரம் வேண்டுமென்றால் எனக்கு எழுதட்டும், ஆளைத் தெரிந்துகொண்டு நானே அனுப்புவேன். யார் யார் தட்டிப் பார்க்கிறார்கள் என்று சேர்வர் ஒரு பதிவும் எழுதி வைக்கிறது. காலையில் தேத்தண்ணியோடு அதைத்தான் வாசிக்கிறேன்.

உங்களைப் பற்றி எழுதுங்கள். சீனியைப் பற்றியல்ல.

நேசமலர்


கொக்குவில்,
22.12.2006

மலர்,

நீர் கடைசியாக எழுதியது எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. எழுதினீரோ என்றும் தெரியாது.

கப்பலில் திருகோணமலைக்குப் போக அனுமதி கேட்டு மூன்றாம் முறை வரிசையில் நின்றேன். கொழும்பில்தான் குடியிருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். வெள்ளவத்தைப் பொலிஸ் பதிவின் பிரதி, விவாகப் பதிவின் பிரதி, இரண்டும். இரண்டுமே சேர்வரில் இருக்கின்றன. என்னோடு எக்ஸ்சேஞ்சில் வேலை செய்த நமசிவாயம் இங்கே ஒரு வெளிநாட்டு நிவாரண அலுவலகத்தில் இருக்கிறான். அங்கே சற்றலைற் மூலம் இன்ரநெற் உண்டு. பொறுப்பதிகாரியிடம் கெஞ்சி நேற்றுக் காலை எனக்கு முக்கால் மணித்தியாலம் வாங்கித் தந்தான்.

வீட்டுச் சேர்வரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டேன். முடிந்த மட்டும் பார்த்தேன். கடவுச்சொல்லைக் கேட்கிற இடம்வரைகூடப் போகவில்லை. சுவரில் முட்டுவது போல இருந்தது. நமசிவாயம், “லைன்ல பிழையில்லை அண்ணை, அங்காலதான் மூடிக் கிடக்குது” என்றான்.

மூடச் சொன்னது நான்தான். என்னையும் வெளியில் விட்டு மூடச் சொல்லி நான் எழுதவில்லை. இருபத்தொன்பதாம் திகதிக் கப்பலில் எனக்கு இடமில்லை. அடுத்தது எப்போதென்று ஒருவருக்கும் தெரியாது.

அக்காவின் வீட்டில் நான் தனிய. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு கதைக்க ஆளில்லை. உமக்கு என்னை ஞாபகம் இருந்திருந்தால் ஒரு வாசலாவது விட்டிருப்பீர்.

தில்லை


வெள்ளவத்தை,
20.01.2007

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. கடைசி வரியை வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். பதில் எழுதுவதில்லை என்றிருந்தேன். மத்தியானம் சமைத்து, ஆறவிட்டு, சாப்பிடாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சொல்வதைக் கேளுங்கள். டிசம்பர் இருபத்திரண்டாம் திகதி காலை வழக்கம்போலப் பதிவை வாசித்தேன். உள்ளே புகப் பார்க்கிறவர்கள் ஒரு நிமிடத்துக்கு நூறு தடவை தட்டுவார்கள். அது இயந்திரம், அலுப்புத் தெரியாது. ஆனால் முதல் நாள் காலை பத்து ஐந்துக்கு ஒரு இன்ரநெற் இலக்கத்திலிருந்து மூன்று வரி, ஒரு தரம் தட்டினால் விழுகிற அளவு. பிறகு இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மூன்று வரி. பிறகு மூன்று நிமிடம். இப்படிப் பதினொரு தரம். ஏழாவதற்கும் எட்டாவதற்கும் இடையில் ஆறு நிமிடம். பத்து நாற்பதுக்குப் பிறகு இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தேடி அடித்துவிட்டு, சரியாக அடித்தேனா என்று திரும்ப வாசிக்கிற ஆளை எனக்குத் தெரியாதா? அந்த இலக்கத்தை எழுதிக்கொண்டு ஷிப்லியிடம் போனேன். அவர் தேடிப் பார்த்துவிட்டு, “இது வெளிநாட்டுச் சட்டலைட் கம்பனிட நம்பர் மிஸிஸ். யாழ்ப்பாணமாவும் ஈக்கலாம், ஆபிரிக்காவாவும் ஈக்கலாம்” என்றார்.

“இவர்தான்” என்றேன்.

அன்றே வீட்டுக்கு வந்து கட்டளைகளுக்கு நடுவே புதிதாக ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு இலக்கத்துக்கு மட்டும், தூரத்திலிருந்து சேர்வருக்குள் போகிற இருபத்திரண்டாம் வாசலால் மட்டும் வரலாம். அன்றிலிருந்து அது திறந்தே இருக்கிறது. ஒரு நாளும் மூடவில்லை. ஒவ்வொரு காலையும் அந்த இலக்கத்தைத் தேடுகிறேன். நீங்கள் திரும்பி வந்து தட்டவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டீர்கள் என்று இப்போது தெரிகிறது.

பொலிஸ் பதிவையும் விவாகப் பதிவையும் பதிவுத் தபாலிலும் அனுப்புகிறேன். அது எப்போது வருமோ. நமசிவாயத்தைத் திரும்பவும் கேளுங்கள். கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். கடிதத்தைப் பிரிக்கிறார்கள் என்பதால் இதில் எழுத முடியாது. முதலில், வீட்டில் ஒருவரும் இல்லாதபோது நீங்கள் என்னைக் கூப்பிடுகிற பெயர். அடுத்தது, நாம் முதன்முதலாகக் கதைத்த இடம். கடைசியாக, அன்று நம்முடைய ரயில் எத்தனை நிமிடம் பிந்தி வந்ததோ அந்த எண். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு எனக்கு மட்டும் யார் இருக்கிறார்கள்? கீழே காலி வீதியில் பஸ் போகிறது, பின்னால் கடலோரம் ரயில் போகிறது. நீங்கள் வேலையால் வந்த ஆறரை ரயிலுக்கு நான் இன்னும் எழும்பிப் போய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன். போன கிழமை பொலிஸ் வீட்டுச் சோதனைக்கு வந்து பதிவுப் பத்திரத்தில் உங்கள் பெயரைத் தொட்டு, “மெயா கோ?” என்று கேட்டது. ஆள் எங்கே என்று. வருவார் என்று சிங்களத்தில் சொன்னேன். நல்லகாலம், எப்போது என்று அவன் கேட்கவில்லை.

அந்த ஆறு நிமிடத்தில் என்ன செய்தீர்கள்?

நேசமலர்


கொக்குவில்,
17.03.2007

என் அன்பு மலருக்கு,

டிசம்பரில் எழுதிய கடைசி வரிக்கு மன்னித்துக்கொள்ளும். அதை எழுதித் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போதே வருந்தினேன். தபால்பெட்டி பூட்டிக் கிடந்தது.

நேற்று உள்ளே போனேன். உமது கடிதம் பெப்ரவரியில் வந்தாலும், அலுவலகத்தில் திரும்ப இடம் கிடைக்க ஒரு மாதம் ஆகிவிட்டது. பெயர் உடனே வந்தது. இடமும் தெரியும், வெள்ளவத்தை ஸ்ரேசன். நிமிடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். இருபது என்று அடித்தேன், விடவில்லை. இருபத்தைந்து அடித்தேன், அதுவுமில்லை. அது இருபது நிமிடம் என்பது எனக்கு நிச்சயம். எழுபத்தெட்டாம் ஆண்டு, மழை, நீர் குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றீர். அவ்வளவு கெதியாக ரயில் வந்துவிட்டதே என்று நான் நொந்தது ஞாபகம். அப்போதுதான் நினைத்தேன், தெரியாத ஒருத்தன் வந்து கதை கொடுத்தால் ஒரு பெண்பிள்ளைக்கு அந்த நேரம் எவ்வளவு நீளமாயிருந்திருக்கும் என்று. நாற்பது அடித்தேன். திறந்தது.

“என்ன அண்ணை, கண் கலங்குது?” என்றான் நமசிவாயம். திரை வெளிச்சம் என்றேன்.

உமது பதிவுத் தபால் இன்னும் வரவில்லை, அதனால் இரண்டு பத்திரத்தையும் அங்கேயே அச்சடித்தேன். அதன்பிறகும் நாலு நிமிடம் மிச்சமிருந்தது. உமது கட்டளைகளைத் திறந்து பார்த்தேன். ஒன்பது வரி. ஒவ்வொன்றுக்கும் மேலே ஆங்கில எழுத்தில் தமிழிலே குறிப்பு எழுதி வைத்திருக்கிறீர். ‘இது வீட்டுக்குள்ளே கதைப்பதற்கு.’ ‘இது நாங்கள் கேட்டதற்கு வருகிற பதில்.’ ஏழாவது வரிக்கு மேலே, ‘இது இவருக்கு. வேறு ஒருவருக்கும் இல்லை.’

மலர், இத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இப்படி ஒரு வசனம் நீர் எனக்குச் சொன்னதில்லை. நானும் சொல்ல இடம் கொடுத்ததில்லை. ஐந்தாவது வரியை இன்னும் சுருக்கலாம். ஆனால் நான் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

அந்த ஆறு நிமிடத்தைக் கேட்டீர். வெளியே விறாந்தையில் போய் நின்றேன். முற்றத்தில் ஒரு பெண் வரிசையில் நின்றபடி தன் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவின் அந்தியேட்டிக்கு வராமல் நீர் நின்றது, அதற்காக நான் பஸ் ஏறும்வரை உம்மோடு கதைக்காமல் போனது, எல்லாம் நினைவு வந்தது. உமக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கதைக்கவில்லை. பிறகு உள்ளே போய் இன்னும் நாலு தரம் தட்டினேன்.

இன்று காலை பத்திரங்களைக் கொடுத்தேன், அனுமதி கிடைத்துவிட்டது. ஏப்ரல் முதற்கிழமைக் கப்பல் என்கிறார்கள். இந்தக் கடிதம் எனக்குப் பிறகுகூட வந்து சேரலாம்.

உம்முடைய
தில்லை


வெள்ளவத்தை,
23.04.2007

அன்புள்ள உங்களுக்கு,

மார்ச் பதினேழாம் திகதிக் கடிதம் இன்று காலை பத்தரைக்கு வந்தது. தபால்காரர் தரும்போது நீங்கள் உள்ளறையில் மின்விசிறியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் சமையலறையில் நின்று இரண்டு தரம் வாசித்தேன்.

நீங்கள் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பஸ்ஸால் இறங்கியபோது பெட்டியை நான் வாங்கப் போனேன், நீங்கள் விடவில்லை. வீட்டுக்கு வந்து, “மெலிஞ்சிட்டீர்” என்றீர்கள். நான், “நீங்களுந்தான்” என்றேன். பன்னிரண்டு நாளில் நாம் கதைத்ததில் அதுதான் நீளமானது. தெருவில் வாகனம் நின்றால் நீங்கள் எழும்புகிறீர்கள். சோற்றில் பாதியை ஒதுக்குகிறீர்கள். முந்தநாள் சேர்வருக்கு முன்னால் இருந்துகொண்டு, “உள்ளுக்குப் போகலாமோ?” என்று என்னிடம் கேட்டீர்கள். உங்கள் கையால் பூட்டிய இயந்திரத்துக்கு என்னிடம் அனுமதி கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. அதற்கும் நான் ஓம் என்று மட்டும்தான் சொன்னேன்.

குற்றம் சொல்ல எழுதவில்லை. எனக்கும் வாய் வருவதில்லை. அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்கப் பயம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் எதிரே இருக்கிறீர்கள். இருந்தும், விறாந்தையில் நின்று ஆறு நிமிடம் என்னை நினைத்த மனிதரை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் வந்து சேரவில்லை. வருவார் என்று தெரியும். அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்று எனக்குக் காய்ச்சல் மட்டுமில்லை. உங்கள் அக்கா என்னைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை என்ற வருத்தமும் இருந்தது. வந்திருக்க வேண்டும். வராமல் நின்றது பிழை. இதை நேரில் சொல்ல மூன்று நாள் உங்கள் அறை வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கையில் தர மாட்டேன். காலி வீதித் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன். நாளைக்கோ மறுநாளோ வரும். அது வருகிற அன்று பின்னேரம் நான் புளோறன்ஸிடம் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடுவேன். அவசரமில்லாமல், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதில் எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக என்றாலும். வானொலிக்குப் பக்கத்தில் முத்திரை வைத்திருக்கிறேன்.

உங்கள்
மலர்